கோயில்காட்டுக்குள் நடைபாதை: போடலாமா, எங்கே போடலாம்?

8 ஜூன் 2025 | வாசகர் கேள்வி

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. ஊர் எல்லையில் அய்யனார் கோயில்காடு, பத்துப் பன்னிரண்டு ஏக்கர் தேறும். மார்ச் மாதம் நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் பையன்களுக்கும் ஆசை வந்துவிட்டது. உள்ளே ஒரு இயற்கை நடைபாதை போட்டு, மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டி, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி செய்யலாம் என்கிறோம். பெரியவர்கள் சிலர் காட்டுக்குள் ஆள் நடமாட்டமே கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கண்ணில் படாத காட்டை யார் காப்பாற்றுவார்கள்? நாலு பேர் பார்த்தால்தானே அருமை தெரியும்?

8 ஜூன், இரவு

நாலு பேர் பார்த்தால்தான் காப்பாற்றுவார்கள் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் பெரியவர்களிடம் இருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு ஏக்கர் இன்றைக்கு நிற்பதற்குக் காரணமே ஊர்க்காரர்கள் வேலையில்லாமல் அதற்குள் போகாததுதான். சுற்றியிருந்த காடெல்லாம் விறகாகவும் கரியாகவும் போயிற்று, தோப்பாகவும் குவாரியாகவும் மாறிற்று. சாமிக்கு விட்டது மட்டும் மிஞ்சியது. காசம்பட்டிக் காடு 4.97 ஹெக்டேர்தான், அதாவது பன்னிரண்டு ஏக்கர் சொச்சம், உங்கள் காட்டின் அளவுதான். சுற்றிலும் மாந்தோப்பு. நடுவில் அந்தத் துண்டு காடு தப்பியதற்கு வேலியோ காவலரோ காரணமில்லை. அந்தக் காட்டின் சாமியான வீரணன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஊர் நம்பியது, கை வைக்கவில்லை.

பார்த்ததால் பிழைத்த இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 193.215 ஹெக்டேரை அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தது, கடைசியில் 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. போராடியது அந்தந்த ஊர் ஜனங்கள்தான். ஆனால் அரிட்டாபட்டி என்றதும் மதுரைக்காரர்கள் பலருக்கு ஆனைகொண்டான் கண்மாயும் குடைவரைக் கோயிலும் பிராமிக் கல்வெட்டும் வல்லூறும் நினைவுக்கு வந்தன. பசுமை நடை போன்ற குழுக்கள் பல ஆண்டுகளாக ஆட்களை அங்கே கூட்டிப் போய் நடக்க வைத்திருந்தன. சுரங்கம் வருகிறது என்றபோது அந்தப் பெயர் அவர்களுக்கு அந்நியமாக இல்லை.

அதனால் என் பதில்: போடலாம். காட்டின் நடுவே போகக் கூடாது, புதிதாக ஒரு வழியும் வெட்டக் கூடாது. விவரத்தை அப்புறம் எழுதுகிறேன்.

9 ஜூன்

முதலில் ஒரு காரியம். அந்த நிலம் யாருடையது என்று தெரியுமா? கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். புறம்போக்கா, அறநிலையத் துறையா, வனத்துறையா, ஊர்ப் பொதுவா? ஒரே காடு இரண்டு மூன்று புல எண்ணில் கிடப்பதும் உண்டு. இது தெரியாமல் பாதை போட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து அகலப்படுத்துவார்கள்.

11 ஜூன்

ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு கோயில்காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயரும் செய்தவர்கள் பெயரும் வேண்டாம்.

நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிற ஆள். பனிக்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போவது வழக்கம். வீரையும் காயாவும் உலக்கைப் பாலையும் நெருங்கி நிற்கும், மேலே கொடிகள் ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு பிணைத்திருக்கும், பகலிலும் உள்ளே மங்கலாக இருக்கும். தரையில் கணுக்கால் அளவு சருகு. அந்தச் சருகில்தான் ஆறுமணிக்குருவியைப் பார்ப்போம். இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் குளிருக்கு இங்கே வந்து, வெயில் ஏறும்போது திரும்பிவிடும் பறவை. மைனாவைவிடச் சின்னது, வாலே இல்லாத மாதிரி இருக்கும். அலகால் ஒரு இலையைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசும், குனிந்து பார்க்கும், அடுத்த இலை. புழு கிடைத்தால் இரண்டு தத்துத் தத்தி நிற்கும், அப்போது வயிற்றடியின் சிவப்புத் தெரியும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒலிபெருக்கி வைத்தாலும் அடங்காத வகுப்பு அது.

அங்கே ஒரு துறை நல்ல எண்ணத்தோடுதான் நடைபாதைத் திட்டம் கொண்டுவந்தது. எட்டடி அகலத்துக்கு பேவர் பிளாக். அதைப் போட ஜேசிபி உள்ளே வந்தது. ஜேசிபி திரும்ப இடம் வேண்டும், அதற்காக இரண்டு பக்கமும் புதரை எடுத்தார்கள். தலையில் தட்டும் என்று கொடிகளை அறுத்தார்கள். சிமென்ட் பெஞ்சு, சோலார் விளக்கு, பெரிய வளைவு, அதில் பெயர்கள்.

கொடி அறுந்ததும் கூரையில் ஓட்டை. தரையில் வெயில் விழுந்தது. ஒரு மழைக்குப் பிறகு பாதையின் இரண்டு ஓரமும் உண்ணிச்செடி, அதற்கு அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலங் கன்று. நிழலில் பத்து ஆண்டாக ஓரடி உயரத்தில் காத்துக்கொண்டிருந்த வீரைக் கன்றுகளை ‘களை’ என்று எடுத்திருந்தார்கள். பேவர் பிளாக்கில் பைக் ஓடும், எனவே பைக் வந்தது. பெஞ்சு இருந்தது, எனவே பாட்டில் வந்தது. பாதை அழகாக இருக்க வேண்டும் என்று தினமும் சருகைக் கூட்டி எரித்தார்கள். அந்தப் பனிக்காலம் ஆறுமணிக்குருவியைத் தேடி நாங்கள் காட்டின் மறுகோடிக்குப் போக வேண்டியிருந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பூங்கா போடத் தெரிந்தவர்கள் காட்டிலும் பூங்கா போட்டார்கள்.

12 ஜூன்

“பேவர் பிளாக் இல்லாவிட்டால் மழையில் சேறாகுமே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சேறு ஆவது பாதையில் தண்ணீர் நிற்பதால். நிற்க விடாமல் செய்தால் மண் பாதையே போதும். மேட்டுப் பக்கத்திலிருந்து பள்ளப் பக்கத்துக்குப் பாதை லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், பெய்த மழை குறுக்கே வழிந்து போய்விடும். பாதையை நேராகச் சரிவில் இறக்கினால் அதுவே ஓடையாகிவிடும். பத்தடி நடந்தால் ஓரடிக்கு மேல் ஏறாமல் வளைத்துக்கொண்டு போங்கள். இன்னொரு கணக்கும் உண்டு: பாதையின் ஏற்றம் அந்த இடத்துச் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதிகச் சரிவு வரும் இடத்தில் குறுக்கே சாய்வாக ஒரு வரிக் கல் பதித்தால் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பும்.

தண்ணீர் நிற்கும் ஒரு குழி இருந்தாலும் ஜனங்கள் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள். அடுத்தவர் இன்னும் சுற்றி நடப்பார். மூன்றடிப் பாதை ஒரே மழைக்காலத்தில் பத்தடி ஆகும். அந்தக் குழிக்குள்ளேயே நாலு மிதிகல் போடுங்கள், பக்கத்தில் போடாதீர்கள்.

15 ஜூன்

இப்போது எங்கே போடுவது என்பது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் காட்டில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. பூசாரி விளக்குப் போடப் போகும் வழி, பொங்கல் பானை தூக்கிப் போகும் வழி, புரவி எடுப்பு அன்று குதிரை வரும் வழி, ஆடு மேய்ப்பவர்கள் ஓரமாகச் சுற்றும் தடம், ஊருணிக்கு இறங்கும் தடம். இவற்றையெல்லாம் காலம் காலமாக மிதித்திருக்கிறார்கள். அங்கே மண் ஏற்கெனவே இறுகியிருக்கும். மரங்கள் வேரை அதற்குத் தகுந்தபடி விட்டிருக்கும். புதிதாக ஓரிடத்தை மிதிக்க ஆரம்பித்தால் மேல் மண்ணில் இருக்கும் மெல்லிய வேர்கள் மூச்சுத் திணறும், மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும், விதை விழுந்தாலும் முளைக்காது. பன்னிரண்டு ஏக்கர் என்பது காட்டுக்குச் சின்ன அளவு. நடுவில் ஒரு கோடு கிழித்தால் ஒரு காடு இரண்டு ஓரங்களாகிவிடும்.

பூசாரியோடும் ஆடு மேய்க்கும் ஆட்களோடும் ஒரு நாள் விடியற்காலையில் நடந்து பாருங்கள். கையில் புலப்படத்தின் நகல் இருக்கட்டும். அவர்கள் எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள், எங்கே குரலைத் தாழ்த்துகிறார்கள், எந்த இடத்துக்கு மேல் போவதில்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்புக் கழற்றும் இடத்தில் நடைபாதை ஆரம்பிக்கட்டும். அவர்கள் போகாத இடத்துக்கு நடைபாதையும் போக வேண்டாம். எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான நிலவரைபடத்தை எந்த வல்லுநரும் போட்டுத் தர முடியாது.

வெறுங்காலில் நடப்பது பக்திக்காக மட்டும் வைத்த விதி என்று நினைக்க வேண்டாம். வெறுங்காலில் நடப்பவர் கீழே பார்த்துத்தான் நடப்பார். சூரை முள்ளும் தொரட்டி முள்ளும் இருக்கும் காட்டில் அவர் பாதையை விட்டு இறங்க மாட்டார், ஓடவும் மாட்டார். வேலி போட்டுக்கூட இதைச் செய்ய முடியாது. பாதையை மட்டும் முள் பொறுக்கி வையுங்கள்.

15 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

அகலம் சொல்ல விட்டுப்போயிற்று. மூன்றடி. ஒருவர் பின் ஒருவர். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க, மரம் இல்லாத இடமாகப் பார்த்து அங்கங்கே ஓர் ஒதுக்கிடம்.

வேர் மேலே தெரிந்தால் வெட்டாதீர்கள். தடுக்கும் என்று மண்ணைக் கொட்டி மூடவும் வேண்டாம், வேர் அழுகும். பாதையைத்தான் ஒதுக்க வேண்டும்.

22 ஜூன்

வெளியூரில் எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கேட்டவருக்கு: மேகாலயாவில் மாவ்ஃபிளாங். ஷில்லாங்கிலிருந்து 25 கிலோமீட்டர். லிங்டோ குலத்தார் காத்துவந்த காடு, லபாசா என்பது காவல் தெய்வம். உள்ளிருந்து ஒரு இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பூவோ கல்லோ காய்ந்த குச்சியோ, எதுவானாலும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். சுற்றுலாக்காரர்கள் ஏராளமாக வருகிறார்கள், காடும் நிற்கிறது. காரணம், உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். காட்டுக்கு வெளியே உள்ள புல்வெளியிலேயே அவர்களிடம் பணம் கட்டி, அவர்களோடுதான் உள்ளே போவது. உள்ளே கைப்பிடிச் சுவரோ சிமென்டோ கிடையாது. மண் தடம், பாசி, பழைய நடுகற்கள்.

நான் போனபோது எங்களுக்கு வழிகாட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கீழே கிடந்த காயைச் சட்டைப் பையில் போட்டார். அந்தப் பையன் கோபப்படவில்லை. நின்று, கையை நீட்டி வாங்கி, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான். அப்புறம் ஒருவரும் எதையும் தொடவில்லை. எச்சரிக்கைப் பலகை வைத்து இதைச் சாதிக்க முடியுமா?

3 ஜூலை

பெயர்ப்பலகை பற்றி. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்கள், நல்லது. கம்பி கட்டுவதும் ஆணிக்குக் குறைந்ததில்லை, மரம் பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும்.

பலகையே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது ஒரு பலகை இருக்கலாம் என்று படுகிறது. காட்டுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் ஒன்று. அதில் காட்டின் படம், பாதை, நிற்கும் இடங்கள், போகக் கூடாத இடம், ஊர் வழங்கும் மரப்பெயர்கள். உள்ளே நிற்கும் இடங்களில் எண் செதுக்கிய சின்னக் கல் மட்டும் போதும். முதல் கல்லில் என்ன, இரண்டாவதில் என்ன என்று வழிகாட்டி சொல்வார். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்.

அந்த நோட்டு வீண்போகாது. ஒவ்வொரு ஊராட்சியும் மக்கள் பல்லுயிர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பல ஊர்களில் அது எங்கோ யாரோ தயாரித்த காகிதமாக அலமாரியில் தூங்குகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் எந்த மரம் பூத்தது, எது பழுத்தது, எந்தப் பறவை தின்றது என்று எழுதினால் பதிவேட்டுக்கு உயிர் வரும். காயா பூக்கும் நாளில் ஒரு முறை கூட்டிப் போங்கள். இலைக்காம்பு ஓரமெல்லாம், கிளையெல்லாம் ஊதாநீலம் கொப்பளித்திருக்கும், தேனீக்கள் இரைச்சல் பத்தடிக்கு முன்பே கேட்கும். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்த வண்ணம் எது என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வார்கள்.

5 ஜூலை

குதிரைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய மண்குதிரைகள் உடைந்து, காலில்லாமல், தலையில்லாமல் வரிசையாகக் கிடக்கும். ‘பார்வையாளர்கள் வருகிறார்கள், சுத்தமாக இருக்கட்டும்’ என்று அவற்றை அள்ளி ஓரத்தில் கொட்டிவிடாதீர்கள். வேளார் செய்து ஊர் சுமந்து வந்து நிறுத்திய பொருள், அது அங்கேயே மண்ணாக வேண்டும் என்பதுதான் முறை. வயிறு கூடாக இருப்பதால் உள்ளே பல்லி முட்டை ஒட்டியிருக்கும், குளவி மண்கூடு கட்டியிருக்கும், அடியில் அரணை ஓடும். பாம்பும் இருக்கலாம், எனவே பாதை குதிரைகளிலிருந்து நாலு எட்டுத் தள்ளியே போகட்டும்.

எங்கள் பிள்ளைகளில் ஒரு நாலாம் வகுப்புப் பெண், குதிரை வரிசையைச் சுற்றிப் புல் கட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “சார், ராத்திரியில் மேயுதா?” என்று கேட்டாள். கூட வந்த ஆடு மேய்க்கும் அம்மாள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஆடுகள்தான் மேய்ந்திருந்தன.

12 ஜூலை

சோலார் விளக்கு வைத்தால் இரவு நடை நடத்தலாம் என்ற யோசனைக்கு என் கடுமையான மறுப்பு.

கடவூர்க் காட்டை 2022 அக்டோபரில் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். ஆனால் தேவாங்கு சரணாலய எல்லைக்குள் மட்டும் இருக்கிற பிராணி இல்லை. முள் புதரும் கொடியும் பின்னிக் கிடக்கும் கோயில்காடுகளிலும் வேலியோரங்களிலும் இருக்கும். தரையில் இறங்க விரும்பாது, கிளைக்குக் கிளை கைப்பிடித்துப் போகும். நீங்கள் பாதைக்காகக் கொடியை அறுத்தால் அதன் பாலத்தையே அறுத்ததாகும். இருட்டில் இரை தேடும் கண் அதற்கு, வெள்ளை விளக்கைக் கண்ணில் அடித்தால் அப்படியே நின்றுவிடும். ஆய்வு செய்பவர்களே சிவப்பு வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள்.

சூரியன் விழுந்ததும் பாதை மூடப்படும். இந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் விலக்குத் தராதீர்கள், திருவிழா நாள் தவிர. திருவிழா காட்டுக்குச் சொந்தமானது, நாம் போடும் பாதைக்கு முன்பிருந்தே இருப்பது.

20 ஜூலை

“அறிவிப்பு வந்தால் அரசு காட்டைப் பூட்டிவிடும், கிடாவெட்டு நின்றுவிடும்” என்று உங்கள் ஊரில் பேச்சு அடிபடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அரிட்டாபட்டியிலும் தொடக்கத்தில் இந்தப் பயம் இருந்தது.

பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்பது 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கீழ் வருவது. மாநில அரசு உள்ளாட்சி அமைப்போடு கலந்துதான் அறிவிக்க வேண்டும். உள்ளூர் மக்களின் வழக்கங்களுக்கு, அவர்களாக முன்வந்து விதித்துக்கொள்வதைத் தவிர, வேறு தடை போடக் கூடாது என்று தேசிய ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொறுப்பு ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு வரும். அதனால் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். பூசாரி, ஆடு மேய்க்கும் பெண்கள், வைத்தியம் தெரிந்த பாட்டி, பள்ளி ஆசிரியர் இவர்கள் இல்லாமல் குழு அமைந்தால் அது பெயருக்குத்தான்.

2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றமும் கோயில்காடுகளைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கு ராஜஸ்தானின் ஓரண் காடுகளைப் பற்றியது. அவற்றை அளந்து வரைபடமாக்கவும், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சமூகக் காப்பகமாக அறிவிக்கவும் அங்கே உத்தரவு, நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்கும்படி மத்திய அமைச்சகத்துக்குப் பரிந்துரை. தலமாக அறிவிக்கக் கேட்கும் உங்கள் மனுவில் இதைக் குறிப்பிடலாம்.

சட்டம் காட்டைத் தானாகக் காக்காது. அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்ட தலமாக இருந்தும் ஏல வரைபடத்துக்குள் போயிற்று. ஆனாலும் கையில் அந்த அரசாணை இருந்ததால்தான் ஊர் ஜனங்கள் தெருவில் நின்று அதைக் காட்டிப் பேச முடிந்தது.

21 ஜூலை

நூறு நாள் வேலையில் ஆள் விட்டுப் பாதை போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், மண்வெட்டியும் கடப்பாரையும் போதும், ஊருக்கும் கூலி கிடைக்கும். ஆனால் ‘புதர் அகற்றுதல், சுத்தம் செய்தல்’ என்று வேலை மதிப்பீட்டில் எழுத விடாதீர்கள். அந்த இரண்டு சொல் இருந்தால் அளவெடுக்க வருபவர் வெட்ட வெளியைத்தான் எதிர்பார்ப்பார். ‘இருக்கும் தடத்தைச் சீர்செய்தல், மழைநீர் வடிகல் பதித்தல், எல்லையில் சீமைக்கருவேல் அகற்றுதல்’ என்று எழுதச் சொல்லுங்கள். கருவேலத்தையும் கையால், ஒவ்வொன்றாக. ஜேசிபி கருவேலத்தோடு பக்கத்திலிருக்கும் உசிலையையும் விராலியையும் சேர்த்தே வாரிவிடும்.

10 ஆகஸ்ட்

ஐந்து நாளில் கிராம சபை. ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் ஜனவரியில் முடிந்துவிட்டது, தனி அலுவலர்தான் நடத்துவார். அவர் உங்கள் ஊர்க்காரராக இருக்க மாட்டார், காட்டைப் பார்த்திருக்கவும் மாட்டார். கூட்டத்துக்கு முன்பே ஒரு முறை காட்டுக்கு அழைத்துப் போங்கள். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போய்ப் பேசி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் ‘சுற்றுலா மேம்பாடு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

17 ஆகஸ்ட்

தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தி பார்த்தேன், சந்தோஷம். பெரியவர் ஒருவர் எழுந்து, “உள்சாமி இருக்கிற இடத்துக்கு முன்னாடியே பாதை நின்னுரும்னா எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆரம்பத்திலிருந்து கேட்டது இவ்வளவுதான். யாராவது முன்பே அவரோடு காட்டுக்குள் நடந்திருந்தால் இத்தனை மாத மனக்கசப்பு வந்திருக்காது.

நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய விஷயம்தான் என்னை உறுத்துகிறது. ஒரு தெருப் பிள்ளைகள் இதுவரை அந்தக் காட்டுக்குள் போனதே இல்லை, “அதை இப்போது கிளற வேண்டாம்” என்று சிலர் சொல்கிறார்கள்.

கிளறத்தான் வேண்டும். பொதுப் பாதை என்று அரசுத் தாளில் எழுதிவிட்டு, மதுரையிலிருந்து வருகிறவர் நடக்கலாம், உள்ளூரில் பிறந்த பிள்ளை நடக்கக் கூடாது என்றால் அது சட்டப்படியும் குற்றம், மனிதத்தன்மைப்படியும் குற்றம். இதுவரை நான் வழக்கத்தை மதியுங்கள், பெரியவர்கள் பேச்சைக் கேளுங்கள் என்றுதான் எழுதிவந்தேன். அதற்கு எல்லை இதுதான். மரத்தை, மண்ணை, சாமி இடத்தைக் காக்கும் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் கட்டுப்பாடு. உள்ளே போகக் கூடாத இடம் என்றால் யாருமே போகக் கூடாது, போகலாம் என்றால் எல்லோரும் போகலாம். ஆள் பார்த்து விதி மாறினால் அந்தப் பாதையை நான் ஆதரிக்க மாட்டேன், எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும்.

19 ஆகஸ்ட்

நேற்று முன்தினம் எழுதியதற்குக் கோபமாகச் சில பதில்கள் வந்திருக்கின்றன. நான் எழுதியது எழுதியதுதான். செய்முறையாக ஒன்று சொல்ல முடியும்: முதல் பள்ளி நடைக்குப் பெயர்ப் பட்டியலை வகுப்பு வாரியாக எடுங்கள், தெரு வாரியாக வேண்டாம். அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஒரே வரிசையில் போகட்டும். ஆசிரியர் முன்னால் நின்றால் பெரும்பாலும் யாரும் மறிக்க மாட்டார்கள். மறித்தால், அது எல்லோர் கண் முன்னாலும் நடக்கட்டும்.

14 செப்டம்பர்

ஈரோடு மாவட்டம் எலத்தூர்க் குளத்தையும் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்துவிட்டார்கள், தமிழ்நாட்டில் மூன்றாவது. மலை, கோயில்காடு, குளம் என்று மூன்றும் மூன்று விதம். உங்கள் மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கிறது என்றீர்கள். நிற்கட்டும், பாதை வேலைக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு மொத்தமும் பூசாரியோடு ஒரு முறை நடந்து வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். யாரும் மறிக்கவில்லை என்பதையும் படித்தேன். அந்த ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

28 செப்டம்பர்

“ஐப்பசிக்கு முன் வேலையை முடித்துவிடலாமா?” வேண்டாம். இந்த வடகிழக்குப் பருவமழையில் ஒரு கல்லும் பதிக்காதீர்கள். இருக்கும் தடத்தின் இரண்டு பக்கமும் தென்னங்கயிறு கட்டி அடையாளம் மட்டும் வையுங்கள். மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள்: தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தடத்தை அரிக்கிறது. அந்த இடத்திலெல்லாம் குச்சி ஊன்றுங்கள். மார்கழியில் குச்சி இருக்கும் இடங்களில் மட்டும் கல் வேலை. மற்ற இடம் எதற்கும் கை வைக்க வேண்டாம். தையில் திறக்கலாம். மேடை, மைக், பந்தல் காட்டுக்குள் வேண்டாம், பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு வழிகாட்டி, ஒரு நேரத்தில் ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஐம்பது பேர் வந்து இறங்கினால் மீதிப் பேர் கோயில் திண்ணையில் காத்திருக்கட்டும், அவர்களுக்கு அங்கே ஒருவர் குதிரைக் கதை சொல்லலாம். வாரத்தில் ஒரு நாள் பாதைக்கு ஓய்வு.

அந்த ஆடு மேய்க்கும் அம்மாளைப் போல உங்கள் ஊரிலும் காட்டை அறிந்த இரண்டு மூன்று பெண்கள் இருப்பார்கள். வழிகாட்டிகளாக அவர்களைப் போடுங்கள், படித்த பையன்கள் கூட நடந்து கற்றுக்கொள்ளட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் அவர்களுக்கான கூலியை, ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று, தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். பணம் நேராக அவர்கள் கணக்கில் விழ வேண்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.